மெட்டல் டெமோவுக்கு லோன் கிடையாது

போன மாசம் அல்சூர் ஏரிக்கரையில், தமிழ்ச் சங்க வாசலில் வைத்து நம்மூர்க்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஒரு பெர்சனல் லோன் போடணும். ஒண்ணு அறுவது. நம்ம பய ஸ்டூடியோல பாட்டு ரெக்கார்டு பண்ணணுங்கான்." என்ன பாட்டு என்று கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்தார். பையன் சீட்டாடி மாட்டிக்கொண்ட மாதிரி குரலைத் தாழ்த்தி, "மெட்டலாம்" என்றார்.

அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். பெங்களூரில் பிள்ளை வளர்க்கிற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பேச்சு இன்று இல்லாவிட்டால் நாளை வரும். என் கட்சி இதுதான்: பையன் டெமோ போடட்டும், கண்டிப்பாகப் போடட்டும். ஆனால் வீட்டிலேயே போடட்டும், கடன் வாங்காமல் போடட்டும். இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு பி.காம்., இருபது வருஷத்துக்கு மேல் வங்கி உத்தியோகம், வீட்டில் கிடாரும் கையுமாக உறுமிக்கொண்டிருக்கும் மகள் ஒருத்தி. போதாதா? :-)

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். மெட்டல் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. 2007 மார்ச் 17-ஆம் தேதி பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் வந்து வாசித்தார்கள். 2011 அக்டோபர் 30-ஆம் தேதி அதே மைதானத்தில் மெட்டாலிகா. 1998-ல் இங்கே தொடங்கிய கிரிப்டோஸ் என்ற குழு, 2013-ல் ஜெர்மனியில் நடக்கும் வாக்கன் திருவிழா வரை போய் வாசித்துவிட்டு வந்தது. நம் பிள்ளைகள் படிக்கிற காலேஜ் விழாக்களில் வருஷக்கணக்காக இந்தச் சத்தம்தான். ஆகவே உங்கள் பையனுக்கு யாரும் செய்வினை வைத்துவிடவில்லை. ஊர்த் தண்ணி அப்படி.

நிற்க. டெமோ என்றால் என்ன என்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. நம் ஆட்கள் டெமோ என்றதும் கேசட் வெளியீட்டு விழா ரேஞ்சுக்குக் கற்பனை செய்கிறார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், டெமோ என்பது புராஜக்ட் ரிப்போர்ட். கம்பெனியின் ஆண்டறிக்கை அல்ல. பளபள அட்டை போட்டு லட்ச ரூபாய்க்கு புராஜக்ட் ரிப்போர்ட் அடித்துக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருவதற்குப் பதில் சந்தேகம்தான் வரும். நாலு பேர் இருக்கிறார்கள், நாலு பாட்டு இருக்கிறது, இப்படித்தான் வாசிப்பார்கள் என்று காட்டினால் போதும். விழா நடத்துகிறவரும் குழு தேடுகிற டிரம்மரும் அதைத்தான் கேட்பார்கள்.

இந்த இசையின் சரித்திரமே எனக்குச் சாட்சி. மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் 1983-ல் வந்தது. அவர்கள் பெயர் பரவியது அதற்கு முந்தைய வருஷம் போட்ட 'நோ லைஃப் டில் லெதர்' என்ற டெமோ கேசட்டால். ரசிகர்களே ஒருவருக்கொருவர் காப்பி எடுத்துத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். (காப்பியின் காப்பியின் காப்பி எப்படி இரைந்திருக்கும் என்பது, டேப் ரெக்கார்டர் காலத்தில் பாட்டுக் கேட்ட நமக்குச் சொல்லவா வேண்டும்.) நார்வேயின் டார்க்த்ரோன் 1994-ல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' முழுக்க நாலு டிராக் கருவியில் பதிந்தது. அந்தக் கரடுமுரடான சத்தத்துக்காகவே அதைக் கொண்டாடுகிற கூட்டம் இன்றைக்கும் உண்டு. கரகரப்பை அழகு என்று ஏற்றுக்கொண்ட சங்கீதத்துக்கு ஒன்று அறுபது எதற்கு?

நம்மூர்க்காரர் உடனே ஒரு அஸ்திரத்தை எடுத்தார். "ஏ.ஆர்.ரஹ்மானுக்கு அவங்க அம்மா நகையக் குடுத்தாங்கல்லா?"

கொடுத்தார்கள். வீட்டோடு ஒரு ஸ்டூடியோ கட்டிவிட்டு, உள்ளே வைக்கக் கருவி வாங்கக் காசில்லாமல் உட்கார்ந்திருந்ததையும், அம்மா அடகு வைக்கக் கொடுத்த நகையில்தான் முதல் ரெக்கார்டர் வந்தது என்பதையும் ரஹ்மானே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கோடம்பாக்கத்து வீட்டில் 1989-ல் தொடங்கிய அந்தப் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில் இருந்துதான் 1992-ல் 'ரோஜா' வந்தது. அவரும் முன்னால் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்று ராக் குழு வைத்திருந்தவர்தான். எல்லாம் சரி. ஆனால் நகைக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு இன்னொன்று தெரியும். ஒன்பது வயதில் அப்பாவை இழந்த அந்தப் பிள்ளை, பள்ளிக்கூட வயதிலேயே கீபோர்டு வாசித்துச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டது. ரெக்கார்டர் வாங்கிய வேளையில் வருஷக்கணக்கான தொழில் அனுபவம் இருந்தது, விளம்பர இசை வேலை வந்துகொண்டிருந்தது. அதாவது அந்த அம்மா கொடுத்தது ஓடிக்கொண்டிருக்கிற தொழிலுக்கு இயந்திரம் வாங்கக் கொடுத்த முதல். நம் பையன்களுக்கு இருப்பது செமஸ்டர் அரியர். இரண்டையும் ஒரே ஃபைலில் போடக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். 1,60,000 ரூபாய், 14 சதவீத வட்டி, மூன்று வருஷம் என்று வையுங்கள். மாசத் தவணை 5,468. மூன்று வருஷத்தில் கட்டும் வட்டி மட்டும் ஏறத்தாழ 36,900. எங்கள் வீட்டில் நாலு பாட்டு டெமோவுக்கு ஆன மொத்தச் செலவு 28,100. வட்டிக் காசிலேயே ஒரு டெமோ போட்டு மிச்சத்தில் குடும்பத்தோடு மைசூர் போய் வரலாம். தவணை என்று ஒன்று வந்துவிட்டால் குழுவுக்குள் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். காலேஜ் முடிந்து ஒருத்தன் புனே போவான், ஒருத்தன் மேல்படிப்புக்குக் கிளம்புவான். குழு கலைந்த பிறகும் தவணை கலையாது.

28,100-க்கு விவரம் கேட்பீர்கள். லேப்டாப்பும் கிடார்களும் ஏற்கெனவே இருந்தன, அவை கணக்கில் இல்லை. கிடாரை லேப்டாப்போடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் 11,800. பாட ஒரு டைனமிக் மைக் 4,200, அதற்கு வயர் 600. காதை மூடுகிற ஹெட்போன் 3,500. கிடார் கம்பிகள் 1,500. கிடாரைக் கடையில் கொடுத்துச் சரிசெய்ய 1,200. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளுக்கு 60 டாலர், அன்றைய விலைக்கு 5,300 ரூபாய். நாலு குடும்பம் பங்கு போட்டதில் ஆளுக்கு 7,025.

அந்த ரீப்பரை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் நம் தலைமுறை ராத்திரி பகலாகப் பாட்டுக் கேட்ட வின்ஆம்ப்பையும் எழுதியவர். அறுபது நாள் முழுசாக இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். இதைச் சொல்லக் காரணம், பிள்ளைகள் முதலில் கேட்டது ஐம்பதாயிர ரூபாய் மென்பொருளின் திருட்டுக் காப்பி. வேண்டாம் என்றேன். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். திருட்டு மென்பொருளோடு வைரஸும் வந்து, தங்கமணியின் ஆபீஸ் ஃபைல்கள் இருக்கிற லேப்டாப் படுத்தால் எனக்குச் சோறு கிடைக்காது.

இந்தப் பட்டியலில் பிள்ளைகள் கடைசியாகச் செலவழிக்க நினைத்தது கம்பிக்கும் கிடார் ரிப்பேருக்கும். முதலில் செலவழிக்க வேண்டியதே அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். மெட்டலில் கம்பியைச் சாதாரணத்தைவிடத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்குகிறார்கள். அதற்குத் தடித்த கம்பி வேண்டும். இல்லாவிட்டால் தொளதொள என்று ஆடும். பிரிட்ஜைச் சரிசெய்யாமல் வாசித்தால் கீழே சேர்கிற சுருதி மேலே பன்னிரண்டாவது கட்டையில் சேராது. இதன் மேல் டிஸ்டார்ஷன் ஏறும்போது ஒன்று சேராத இரண்டு சுரம் பத்துச் சுரமாகக் கூச்சல் போடும். பிறகு எத்தனை ஆயிரத்துக்கு மென்பொருள் வாங்கினாலும் அது போகாது. விதைநெல் சொத்தையாக இருந்தால் உரம் போட்டு என்ன பயன்?

மற்றதெல்லாம் பின்னால் மாற்றிக்கொள்ளக் கூடியவை. இன்டர்ஃபேஸில் கிடாரைச் சொருகும்போது பதிவாவது வெறும் கம்பிச் சத்தம்தான், டொய்ங் டொய்ங் என்று சப்பென்று இருக்கும். அந்தப் பெரிய இரைச்சலை உண்டாக்குகிற ஆம்ப் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. நியூரல் ஆம்ப் மாடலர் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. நிஜ ஆம்ப்களின் குணத்தைக் கற்றுக்கொண்டு அப்படியே ஒலிக்கும். இன்றைக்கு ஒரு ஆம்ப் பிடிக்கவில்லையா, நாளைக்கு வேறொன்றை மாட்டலாம், திரும்ப வாசிக்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தாருக்கும் தொந்தரவு இல்லை. ஹெட்போனில் பூகம்பம் நடந்துகொண்டிருக்கும், வெளியே உட்கார்ந்திருப்பவனுக்கு ஏதோ நறுக்கு நறுக்கு என்று வெண்டைக்காய் வெட்டுகிற சத்தம் கேட்கும். எங்கள் வீட்டு மிக்ஸி இதைவிடப் பெரிய மெட்டல்.

ஒரே தாளத்துண்டை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடது காதுக்கும் ஒன்றை வலது காதுக்கும் தள்ளுகிறார்கள். ஒன்றைக் காப்பி அடித்து இரண்டு பக்கமும் வைத்தால் அந்த அகலம் வராது. இரண்டு வாசிப்புக்கும் உள்ள மயிரிழை வித்தியாசம்தான் சத்தத்தைப் பெரிதாக்குகிறது. இதில் ஒரு வேடிக்கை, டிஸ்டார்ஷனைக் குறைத்தால்தான் கனமாகக் கேட்கிறது. கூட்டிக்கொண்டே போனால் எல்லாம் தேனீக் கூடு. எங்கள் பெண் ஒரே ஒரு இருபது விநாடிப் பகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசித்தாள். நான் இரண்டு தடவை காபி கொடுத்தேன், மூன்றாவது தடவை கதவு திறக்கவில்லை.

டிரம்ஸ்தான் அபார்ட்மென்ட்காரர்களின் சிக்கல். நிஜ டிரம்ஸை வீட்டில் வைத்தால் அசோசியேஷன் செக்ரட்டரி நம்மையே வெளியே வைத்துவிடுவார். எங்கள் டிரம்மர் பையன் வீட்டில் எலெக்ட்ரானிக் டிரம் பேடு இருந்தது. அதில் அடிப்பது சத்தமாக அல்லாமல், எந்த நேரத்தில் எதை எவ்வளவு பலமாக அடித்தான் என்ற குறிப்பாகப் பதிவாகும். அதற்குச் சத்தம் கொடுக்க இலவச மென்பொருளே போதும். பேடு இல்லாதவர்கள் கம்ப்யூட்டரிலேயே ஒவ்வோர் அடியாகக் கட்டலாம். அது ஏமாற்று வேலை என்று சில பையன்கள் முகம் சுளிக்கிறார்கள். ஸ்வீடனின் மெஷுகா 2005-ல் வெளியிட்ட 'கேட்ச் தர்ட்டி த்ரீ' ஆல்பம் முழுக்க இப்படிக் கட்டிய டிரம்ஸ்தான், அதுவும் உலகத்தின் அசகாய டிரம்மர் ஒருவரைக் குழுவிலேயே வைத்துக்கொண்டு. ஆனால் டெமோவில் ஒரு நிபந்தனை வேண்டும்: உங்கள் டிரம்மர் மேடையில் அடிக்க முடியாததைக் கம்ப்யூட்டரில் கட்டக் கூடாது. அது பொய்யான ஸ்டாக் ஸ்டேட்மென்ட். முதல் கச்சேரியிலேயே ஆடிட் வந்துவிடும். எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டையும் தருகிற ஏஐ சமாசாரங்களையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். சத்தம் நன்றாகவே வரும். யாருடைய டெமோ அது?

பெங்களூர் அபார்ட்மென்டுக்கே உரிய ஒரு தலைவலியைச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டிங்கில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வந்துகொண்டே இருந்தது. பையன்கள் புது வயர், புது இன்டர்ஃபேஸ் என்று பட்டியல் போட ஆரம்பித்தார்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டச் சொன்னேன். பாதி ரீங்காரம் போயிற்று. கிடாரை எடுத்துக்கொண்டு யூபிஎஸ் இருக்கிற மூலையிலிருந்து தள்ளி உட்கார்ந்ததும் மீதியும் போயிற்று. எர்த் சரியில்லாத பிளக்கும் பக்கத்து மின்கருவிகளும் கிடாருக்குள் புகுந்துகொள்கின்றன. செலவு பூஜ்யம். கரண்ட் போனால் ரெக்கார்டிங் இன்னும் சுத்தமாக வருகிறது என்று பெண் சொல்கிறாள். பெங்களூரில் கரண்ட் போவதற்கு இப்படியும் ஒரு பிரயோஜனம்!

அடுத்தது குரல். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டுகிறேன் என்று நின்றார்கள். முட்டை அட்டை வெளியே போகும் சத்தத்தையும் தடுக்காது, உள்ளே எதிரொலியையும் பெரிதாகக் குறைக்காது. தீப்பிடிக்க மட்டும் உதவும். கனமான துணிதான் எதிரொலியைத் தின்னும். எங்கள் படுக்கையறை பீரோவின் இரண்டு கதவையும் திறந்துவைத்து, தங்கமணியின் பட்டுப்புடவை அடுக்குக்கு எதிரே மைக்கைப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் ஜமுக்காளத்தைக் கொடி கட்டித் தொங்கவிட்டோம். காஞ்சிபுரத்தில் நெய்தவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

உறுமல் மட்டும் எந்த ஜமுக்காளத்துக்கும் அடங்கவில்லை. கீழ்வீட்டுக் கன்னடப் பாட்டி லிஃப்டில் தங்கமணியிடம், "மகளிகெ ஹுஷாரில்வா?" என்று விசாரித்திருக்கிறார். பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று! மறுநாள் மிளகு கஷாயம் வந்தது. விருதுநகரிலிருந்து மச்சினர் போனில், "மாப்ளே, பொம்பளப்புள்ள இப்படிக் கத்தலாமா, தொண்டை போயிராதா?" என்றார். தொண்டைக் கவலை நியாயமானது. சரியாகச் செய்கிறவர்கள் நிஜக் குரல்நாண்களுக்கு மேலே இருக்கிற பொய்க் குரல்நாண்களை அதிரவைத்து, காற்றை அடக்கி விடுகிறார்கள். கேட்கத்தான் பயங்கரம், விடுகிற காற்று கொஞ்சம். வெறுமனே கத்தினால் புண்ணாகும். ஆகவே அரைமணிக்கு மேல் ஒரு நாளில் கிடையாது, வலித்தால் நிறுத்த வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பொம்பளப்புள்ளக் கவலைக்கு, ஆர்ச் எனிமி குழுவில் ஆஞ்சலா கோசோ பாடிய 2001-ஆம் வருஷத்து ஆல்பத்தை மச்சினருக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

இதற்கெல்லாம் பெற்றவர்கள் கொடுக்க வேண்டியது என்ன? பணம் கொடுப்பது நமக்குச் சுலபம். ஊரை விட்டு வந்து இங்கே ஓடுகிற ஓட்டத்தில் எதற்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடப் பழகிவிட்டோம். இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது ஞாயிறு மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு அறை. அந்த மூன்று மணி நேரம் குக்கர் கூடாது, மிக்ஸி கூடாது, டிவி கூடாது, பாடும்போது ஃபேன்கூடக் கூடாது. ஐந்து ஞாயிறு கொடுத்தோம். வாரம் ஆறு நாள் உழைக்கிற தங்கமணிக்கு அந்த மத்தியானத் தூக்கம்தான் உலகத்திலேயே பெரிய சொத்து. 28,100-ஐவிட அதுதான் பெரிய முதலீடு என்று வீட்டுக் கணக்கில் வரவு வைத்திருக்கிறேன்.

படிப்பு போய்விடுமே என்ற பயம் எனக்கும் உண்டு. இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? டெல்லியின் பிளடிவுட் குழுவின் கரண் கட்டியார் சட்டம் படித்து, கார்ப்பரேட் வக்கீலாக வேலை பார்த்தவர். யூடியூபில் வீடியோ போடத் தொடங்கி, 2019-ல் வாக்கனில் வாசித்து, 2022-ல் 'ரக்ஷக்' ஆல்பத்தை எந்தக் கம்பெனியும் இல்லாமல் தாங்களே வெளியிட்டார்கள். அவரைப் போல எல்லோருக்கும் வாய்க்கும் என்று சொல்ல வரவில்லை, வாய்க்காது. கடனில்லாத டெமோ என்றால், வாய்க்காவிட்டாலும் பிள்ளை திங்கட்கிழமை காலேஜுக்குப் போய்விடும். கடனோடு போட்டால், போட்ட காசை எடுக்க வேண்டுமே என்று படிப்பை விடத் தோன்றும். கடையில் நஷ்டம் வரவர மேலும் மேலும் சரக்குப் போடுகிற வியாபாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டூடியோவே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. அங்கே இருக்கிற இன்ஜினியரின் காது இலவச மென்பொருளில் கிடைக்காது. கையில் பத்தாயிரம் மிச்சம் இருந்தால், வீட்டில் பதிந்த ஒரே ஒரு பாட்டை அப்படி ஒருவரிடம் கொடுத்து மிக்ஸ் செய்யச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு செமஸ்டர் பாடம் அதில் இருக்கிறது. நாலு மேடை ஏறிச் சம்பளம் வாங்கிய பிறகு, ஆல்பத்துக்கு ஸ்டூடியோ போகட்டும். அன்றைக்கு லோன் கேட்டால் நானே விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. நாலு பேர் காசு போட்டு வாங்கிய இன்டர்ஃபேஸ், குழு கலைந்தால் யாருக்கு? பாட்டு யார் பெயரில்? ரெக்கார்டிங் ஃபைல்களின் காப்பி யார் யாரிடம்? நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவைத்துவிட வேண்டும் என்று சொல்லி, ஒரு பக்கத்துக்கு டைப் அடித்துக் கொடுத்தேன். வெளியேறுகிறவருக்கு அவர் பங்கு வருஷத்துக்கு முப்பது சதவீதத் தேய்மானம் கழித்துத் திருப்பித் தரப்படும், பாட்டுகள் நாலு பேருக்கும் பொது, ஃபைல்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு வீட்டில் இருக்கும். மண்டை ஓடு போட்ட கறுப்பு பனியன்களில் நாலும் வரிசையாக உட்கார்ந்து பயபக்தியோடு கையெழுத்துப் போட்டன. டிரம்மர் பையன் மட்டும் பேனாவை மூடாமல் கேட்டான்: "அங்கிள், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாமா?"